மாமனார் பல்லும் பிளம்ஸ் கொழுக்கட்டையும்

ஆமாம் அக்கா, அந்த வீடுதான். பல்லு விழுந்த வீடு. வெள்ளைக்காரப் பெண் வந்து போன வீடு. தடுப்பூசி போட வந்தாலும் சரி, ரேஷன் கடைக்குப் போனாலும் சரி, பக்கத்தில் உட்காருகிறவர்கள் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். நீங்கள் ஊருக்குப் புதுசு. அதனால் நானே சொல்லிவிடுகிறேன். வேறு யாரிடமாவது கேட்டீர்கள் என்றால், மூத்த மருமகள் தவமணி பொறாமையில் மாமனார் பல்லை உடைத்துவிட்டாள் என்பார்கள். எனக்குப் பொறாமை கிடையாது. பாருங்கள், எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டேன். பொறாமைக்காரி இப்படிச் சொல்வாளா?

நர்சம்மா இன்னும் ஊசிப் பெட்டியையே திறக்கவில்லை. டீ குடித்துவிட்டுத்தான் திறப்பார். உங்கள் பையன் தூங்குகிறான், எங்கள் செவ்வந்தி என் வளையலைக் கடித்துக்கொண்டு இருக்கிறாள். நேரம் இருக்கிறது.

எங்கள் வீட்டில் மாமனார், மாமியார், நான், என் வீட்டுக்காரர், இந்தக் குட்டி. மாமனார் பெயர் அங்குச்சாமி. நல்ல மனிதர். அவரைப் பற்றி ஒரு விஷயம் சொன்னால்தான் உங்களுக்கு மீதிக் கதை புரியும். அவர் என்னோடு பேச மாட்டார். நானும் அவரோடு பேச மாட்டேன். சண்டை எல்லாம் ஒன்றும் இல்லை. மரியாதை. மருமகளிடம் மாமனார் நேருக்கு நேர் வாயைக் கொடுப்பது எங்கள் வீட்டில் வழக்கம் இல்லை. எல்லாம் மாமியார் வழியாகத்தான்.

அவர் சாப்பிட உட்காருவார். நான் குழம்புச் சட்டியோடு ஒரு கை தூரத்தில் நிற்பேன்.

"வெள்ளையம்மா, புளி தூக்கலா இருக்குன்னு சொல்லு" என்பார்.

மாமியார் திரும்பி என்னிடம், "புளி தூக்கலா இருக்காம்" என்பார்.

"நாளைக்குக் குறைச்சிர்றேன்னு சொல்லுங்கத்தே" என்பேன் நான்.

"நாளைக்குக் குறைச்சிருவாளாம்."

"சரின்னு சொல்லு."

"சரியாம்."

மூன்று பேரும் ஒரே அடுப்படியில்தான் இருப்போம். மாமியார் எங்காவது கல்யாணம் காட்சிக்குப் போய்விட்டால் மாமனார் கன்றுக்குட்டியிடம் சொல்வார். "ஏலே, சோறு போடச் சொல்லு." செவ்வந்தி பிறந்த பிறகு கன்றுக்குட்டிக்கு அந்த வேலை போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கே தொட்டிலைப் பார்த்து, "செவ்வந்தி, உங்கம்மாட்ட தண்ணி கேளு" என்றார். அப்போது இவளுக்குக் கண்ணே சரியாகத் திறக்கவில்லை. நான் தண்ணீர் கொண்டுபோய்த் தொட்டில் பக்கத்தில் வைத்தேன். அவர் எடுத்துக் குடித்தார்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்படித்தான். எனக்குப் பழகிவிட்டது. என் கூடப் படித்த ராக்கம்மாவை அவள் மாமனார் "ஏ புள்ளே" என்று கூப்பிட்டு, கூட உட்கார்ந்து சீரியல் பார்க்கிறார். என்ன குடும்பமோ. எனக்கு அதெல்லாம் வேண்டவே வேண்டாம். சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

இப்போது இளையவர் கதைக்கு வருகிறேன். கொழுந்தன் கதிரேசன் மெஷின் படிப்புப் படித்துவிட்டுச் செக் நாட்டுக்கு வேலைக்குப் போனார். அப்படி ஒரு நாடு இருக்கிறது, அக்கா. நானும் முதலில் நம்பவில்லை. ஊரில் சொன்னால், "செக்கா? மரச்செக்கா, இரும்புச் செக்கா?" என்று கேட்டார்கள். போனவர் அங்கேயே ஒரு பெண்ணைப் பதிவுக் கல்யாணம் பண்ணிக்கொண்டு போட்டோ அனுப்பினார். மாமனார் போனை வாங்கிப் பார்த்தார். கவிழ்த்து வைத்தார். அதோடு மகனிடம் பேச்சு நின்றது. போன் வந்தால் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். அந்த நாட்களில் எங்கள் மாடு குடித்த தண்ணீருக்கு அளவே இல்லை.

அந்தப் பெண்ணின் பெயர் ஸ்தெங்கா. சரியாகச் சொல்ல நாக்கை எங்கேயோ வைக்க வேண்டும் என்று கொழுந்தன் சொல்லிக் கொடுத்தார். மாமியார் ஒரே தடவைதான் சொல்லிப் பார்த்தார். "தேங்காயா?" என்றார். முடிந்தது. செக்கு நாட்டுத் தேங்காய். ஊரே அப்படித்தான் கூப்பிட்டது. அவளும் திரும்பிப் பார்த்தாள்.

போன வைகாசியில் இரண்டு பேரும் வந்தார்கள். மாமியாருக்குக் காய்ச்சல் வந்து தேறியிருந்த நேரம், பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று அழுதிருந்தார். வந்தவர்களை மாமனார் 'வா' என்று கேட்கவில்லை. அன்றைக்கு மத்தியானத்திலிருந்து வீட்டில் சாப்பிடவும் இல்லை. தோட்டத்து மோட்டார் ரூமுக்குத் தூக்குவாளியில் சோறு போக வேண்டும். ராத்திரி படுக்கத்தான் வருவார்.

ஸ்தெங்கா விடுவாளா? காலையில் அவர் துண்டை உதறித் தோளில் போடும்போது முன்னால் போய் நிற்பாள். "மாமா, தூங்கினீங்களா?" என்பாள். அவர் மாட்டைப் பார்ப்பார். "மாமா, காப்பி குடிச்சீங்களா?" அவர் வானத்தைப் பார்ப்பார். ஆக, வீட்டில் இரண்டு மருமகள்கள், இரண்டு பேரிடமும் அவர் பேசவில்லை. வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு ஒன்று போலத்தான் தெரியும். ஆனால் எனக்குக் கிடைத்தது மரியாதைப் பேசாமை, அவளுக்குக் கிடைத்தது கோபப் பேசாமை. எனக்கு அதில் ஒரு நிம்மதி... நிம்மதி என்று இல்லை. ஒரு ஒழுங்கு.

ஊருக்குத் திரும்பும் நாள் நெருங்க நெருங்க அவளுக்கு முகம் வாடிப்போனது. அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, மாமா என்கூட எப்போ பேசுவார்?" என்று கேட்டாள்.

"என்கூடவே பேச மாட்டாரே" என்றேன்.

"உனக்கு அழுகை வராதா?" என்றாள். என்னை நீ என்றுதான் சொல்வாள். கொழுந்தன் தமிழ் சொல்லிக் கொடுத்த லட்சணம் அது.

"அழுகை எதுக்கு? வேலை கிடக்கு" என்றேன்.

வைகாசியில் கொடைக்கானல் பிளம்ஸ் வத்தலக்குண்டுக்கு இறங்கும், தெரியும் இல்லையா? பஸ் ஸ்டாண்டில் கூறு போட்டு விற்பார்கள். செவ்வந்திக்குச் சட்டை எடுக்கப் போன இடத்தில் ஸ்தெங்கா அதைப் பார்த்துவிட்டாள். கூட்டத்துக்கு நடுவில் நின்றுவிட்டாள். ஒரு பழத்தை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு கண் கலங்குகிறாள். பழக்கார அம்மா பயந்துபோய், "புளிக்காது கண்ணு, புளிச்சா திருப்பிக் குடு" என்கிறது.

அவள் ஊரில் இதை மாவுக்குள் வைத்து வேகவைப்பார்களாம். கொழுந்தன் அதற்கு ஒரு பெயர் சொன்னார், க்னெட்லிக்கி என்று வரும். நான் கேட்டேன், "உள்ளே இனிப்பா?" ஆமாம். "வெளியே மாவா?" ஆமாம். "உருட்டி வேகவைக்கிறதா?" ஆமாம். "அப்போ கொழுக்கட்டை" என்றேன். இல்லை என்றாள். அரிசி மாவு கிடையாதாம், ஆவி கிடையாதாம், கொதிக்கிற தண்ணீருக்குள் போட வேண்டுமாம். "அப்போ தண்ணியில் விழுந்த கொழுக்கட்டை" என்றேன். அவள் யோசித்துவிட்டுச் சரி என்றாள்.

இதை மாமாவுக்குச் செய்துபோடப் போகிறேன் என்றாள். இதைச் செய்தால் அவள் ஊரில் யாரும் வேண்டாம் என்று எழுந்து போக மாட்டார்களாம். அவளுக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை. இதுவும் நடக்கவில்லை என்றால் பேசாமல் விமானம் ஏறிவிட வேண்டியதுதான் என்று கொழுந்தனும் சொன்னார். நான்தான் கூட நின்று எல்லா உதவியும் செய்தேன். அதை ஊரில் யாரும் சொல்வதில்லை.

முதல் நாள் ராத்திரியே தயிரைத் துணியில் கட்டிக் குழாயில் தொங்கவிட்டோம். காலையில் கெட்டியாக, பிசைந்தால் கையில் ஒட்டாமல் வந்தது. அதில் மைதா, கொஞ்சம் ரவை, ஒரு முட்டை, வெண்ணெய், உப்பு. நான் பரோட்டா மாவு மாதிரி ஓங்கிப் பிசைந்தேன். "அக்கா, அடிக்காதே" என்று பிடுங்கிக்கொண்டாள். விரல் நுனியால் தொட்டுத் தொட்டுத்தான் சேர்க்க வேண்டுமாம். குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே தூவக் கசகசாவும் சீனியும் மிக்ஸியில் அரைத்தோம். அவள் ஊரில் கசகசா கறுப்பாம். மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "கசகசா குருமாவுக்குல்ல?" என்றார். "இன்னைக்குக் கொழுக்கட்டைக்கு" என்றேன். "இதைத் தின்னுட்டுத் தூங்கிட்டார்னா யாருகூடடி பேசுறது?" என்று போய்விட்டார்.

இங்கேதான், அக்கா, கவனமாகக் கேளுங்கள். பழத்தைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டு ஸ்தெங்கா என்னைக் கேட்டாள். பழத்துக்குள்ளே இருக்கிறதே, அதை எடுத்துவிடலாமா, அப்படியே வைத்து உருட்டலாமா? அவள் அம்மா வீட்டில் எடுக்க மாட்டார்களாம். எடுத்தால் சாறு ஓடிவிடுமாம். சாப்பிடுகிறவர்கள் துப்பித் தட்டு ஓரத்தில் ஒதுக்குவார்களாம். ஆனால் இங்கே பழக்கம் எப்படி, நீ சொல்லு அக்கா என்றாள்.

நான் என்ன சொல்ல முடியும்? அவள் அம்மா வீட்டுப் பழக்கத்தை நான் ஏன் கெடுக்க வேண்டும்? "உங்கம்மா செய்ற மாதிரியே செய்" என்றேன். இது தப்பா? என் அம்மா வீட்டுச் சுண்டைக்காய்க் குழம்பை இந்த வீட்டில் மாற்றச் சொன்னபோது எனக்கு எப்படி இருந்தது என்று எனக்குத்தானே தெரியும்.

"அப்போ நான் மாமாகிட்ட முன்னாலேயே சொல்லிடுவேன்" என்றாள். பிரிட்ஜ் பக்கம் திரும்பி நின்று, பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிக்கிற பிள்ளை மாதிரிச் சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறாள்: "மாமா, உள்ளே கொட்டை இருக்கு. கொட்டை, பாத்து."

நான் வாசலை எட்டிப் பார்த்தேன்.

"அந்த வார்த்தையை ஆம்பளைங்க முன்னாடி சொல்லாதே" என்றேன்.

"ஏன்? கொட்டை தப்பான தமிழா?"

"தமிழ் சரிதான்."

"அப்புறம்?"

நான் அவள் முகத்தைப் பார்க்காமல் கசகசாவைப் பார்த்துக்கொண்டு, "அது வேற ஒண்ணுக்கும் பேரு. ஆம்பளைங்களோடது" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. நேராக வாசலுக்குப் போய்க் கொழுந்தனைக் கேட்டாள். அவர் சிரித்த சிரிப்பில் கோழிகள் கூரை மேல் ஏறிவிட்டன. திரும்பி வந்தவள் காது வரைக்கும் சிவந்திருந்தாள். வெள்ளைத் தோலில் எதையும் மறைக்க முடியாது, பாவம்.

"வேற வார்த்தை குடு, அக்கா" என்றாள்.

விதை என்று சொல்லலாம் என்று நினைத்தேன். யோசித்தால் அதுவும் அங்கேதான் போய் நிற்கிறது. ஆட்டுக்காரர்கள் பேசிக் கேட்டிருக்கிறீர்களா? கல் என்று சொல்லலாம். ஆனால் சாப்பாட்டில் கல் இருக்கிறது என்று மாமனாரிடம் ஒரு மருமகள் சொல்லலாமா? அரிசி களையத் தெரியாத வீடு என்று ஆகிவிடாதா? இத்தனை பெரிய தமிழில் அந்தச் சின்னச் சாமானுக்கு மாமனார் முன்னால் சொல்லக்கூடிய ஒரு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை, அக்கா. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

கடைசியில், "நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம், நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

நான் எப்படிப் பார்த்துக்கொள்வது? நான் பேசுவதில்லையே. மாமியாரிடம் சொல்லி அவர் மூலமாகச் சொல்ல வேண்டும். சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போது பால் பொங்கியது. பால் பொங்கினால் யாராக இருந்தாலும் அடுப்பைத்தானே பார்ப்பார்கள்? பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் மாமியார் வாசலுக்குப் போய்விட்டார். அப்புறம் மறந்துவிட்டது. மறந்தது என்றால், ஞாபகம் இருந்தது, சந்தர்ப்பம் வரவில்லை.

மாமனாரை வீட்டுக்கு வரவழைத்தது மாமியார். தூக்குவாளி கேட்டுப் போன் வந்ததும், "இன்னைக்கு வாளியெல்லாம் கெடையாது. ஆறிப்போனா ரப்பராயிருமாம். வந்து தின்னா தின்னு, இல்லாட்டி மோட்டாரைக் கட்டிக்கிட்டுப் பட்டினி கெட" என்று சொல்லிப் போனை என்னிடம் கொடுத்துவிட்டார். போனில் கொஞ்ச நேரம் தோட்டத்துக் காக்காய் கத்துவது மட்டும் கேட்டது.

வந்தார். கை கால் கழுவினார். சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். கொழுந்தன் இந்தக் கடைசியில், என் வீட்டுக்காரர் நடுவில்.

முதலில் தட்டுக்கு ஓர் உருண்டை. மேலே உருக்கிய வெண்ணெய், சீனி, கசகசாப் பொடி. என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இனிப்பு சரி. சோறு?"

"இதுதான் சோறு" என்றேன்.

"மத்தியானத்துக்கா?"

"அவங்க ஊர்ல மத்தியானத்துக்கே இதுதானாம்."

"பாவம்ப்பா" என்றார் தம்பியைப் பார்த்து. எதற்கும் இருக்கட்டும் என்று நான் ஒரு பக்கம் சோறும் ரசமும் வைத்திருந்தேன். ஸ்தெங்காவுக்குச் சொல்லவில்லை. சொன்னால் மனசு கஷ்டப்படுவாள்.

மாமனாருக்கு எப்போதும் மாமியார்தான் பரிமாறுவார். நான் எடுத்துக் கொடுப்பேன். அன்றைக்கு ஸ்தெங்கா தட்டை வாங்கிக்கொண்டு நேராகப் போய் அவர் முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு வருவாள் என்று பார்த்தால் அங்கேயே மண்டி போட்டு, சுவருக்கும் அவருக்கும் நடுவில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்க்கிறாள். எங்கள் வீட்டில் அவர் முகத்தை யாரும் அப்படிப் பார்த்தது கிடையாது. அவர் வேறு எங்கே பார்ப்பார்? சுவர் போய்விட்டது. அவள் உதடு மட்டும் அசைகிறது. சத்தம் இல்லை. என்ன வார்த்தையை முழுங்கிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தேன் இல்லையா? நான் சட்டியைப் பார்த்தேன்.

மாமனார் உருண்டையை எடுத்தார். நாம் கொழுக்கட்டையை எப்படிக் கடிப்போம்? உள்ளே பூரணம் இருக்கும் என்கிற தைரியத்தில் ஒரே கடி. அதே கடி.

கடக்.

அந்தச் சத்தம் எனக்குச் சட்டி வரைக்கும் கேட்டது.

"மாமா! கொட்டை! கொட்டை!" என்று ஸ்தெங்கா கத்தினாள். மெதுவாக அல்ல. அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தது எல்லாம் சேர்ந்து வந்தது. எதிர் வீட்டுத் தையல்காரப் பெண் மெஷினை நிறுத்திவிட்டாள். என் வீட்டுக்காரருக்குப் புரையேறியது. மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். நான் செவ்வந்தியின் காதைப் பொத்தினேன். அவளுக்கு என்ன புரியும், இருந்தாலும் பெண் குழந்தை.

மாமனார் உள்ளங்கையை வாய்க்குக் கீழே பிடித்தார். இரண்டு சாமான் விழுந்தது. ஒன்று பிளம்ஸ் கொட்டை. இன்னொன்று பல்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தப் பல் ஒரு வருஷமாக ஆடிக்கொண்டிருந்த பல். ராத்திரியெல்லாம் கிராம்பை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். டாக்டரிடம் போகலாம் என்றால் மாட்டார். முட்டுகிற காளையைக் கொம்பைப் பிடித்து நிறுத்துகிற மனிதர், ஊசி என்றால் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடிவிடுவார். அந்தப் பல்தான் விழுந்தது. நல்ல பல்லை யாரும் உடைக்கவில்லை. இதையும் ஊரில் சொல்வதில்லை.

அவர் கையில் இருந்த இரண்டையும் பார்த்தார். எது எது என்று விரலால் தள்ளிப் பார்த்தார். வாய்க்குள் நாக்கு அங்கே இங்கே போய் வருவது கன்னத்தில் தெரிந்தது. ஸ்தெங்காவுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது.

மாமனார் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"அழுகாத ஆத்தா. ஒரு வருசமா உசுர வாங்குச்சு. போயிருச்சு" என்றார்.

அவளிடம், அக்கா. மாமியாரிடம் அல்ல, தொட்டிலிடம் அல்ல. அவளைப் பார்த்து, அவளிடம்.

எழுந்து போய் உப்புத் தண்ணீரில் கொப்பளித்தார். வந்து உட்கார்ந்தார். இந்தத் தடவை சுவரைப் பார்த்து அல்ல, எங்களைப் பார்த்து. தட்டை அவள் பக்கம் தள்ளினார். "இன்னொண்ணு வை" என்றார். அதை மறு பக்கத்துப் பல்லால் பார்த்துப் பார்த்துத் தின்றார். கொட்டையைத் தட்டு ஓரத்தில் ஒதுக்கினார். அப்புறம் மகனைப் பார்த்து, "ஏப்பா, உங்க ஊர்ல பல் டாக்டருக்குப் பொழப்பே நடக்காதே" என்றார். கொழுந்தன் தட்டில் முகத்தை வைத்துக்கொண்டு சிரிக்கிறாரா அழுகிறாரா என்றே தெரியவில்லை. மாமியார் அழுதார். என் வீட்டுக்காரர் ஏழோ எட்டோ தின்றார். என் சமையலில் ஒரு நாளும் இரண்டாவது தடவை கேட்காத ஆள். நான் சட்டியோடு நின்றுகொண்டிருந்தேன். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான். சோறும் ரசமும் மிஞ்சியது, மாட்டுக்கு வைத்தேன்.

அதற்கப்புறம் கேட்க வேண்டுமா? "தேங்கா, வாத்தா, கெணத்தைப் பாக்கலாம்." "தேங்கா, இது வெண்டை. இது கொத்தவரை." காலையிலும் சாயங்காலமும் அவளுக்குப் பின்னால் அவர் பேச்சு போகிறது. அவ்வளவு பேச்சு அவருக்குள் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சேர்த்து வைத்திருந்திருப்பார்.

கொட்டை இருக்கட்டும் என்று நான் சொன்னது ஊரில் எப்படிப் பரவியது என்றா கேட்கிறீர்கள்? அவளேதான். ஆனால் கெட்ட எண்ணத்தில் இல்லை. பல் விழுந்ததை விசாரிக்க வந்தவர்கள் எல்லாம் அவளைப் பாராட்டினார்களா, அவளுக்கு மனசு கேட்கவில்லை. புகழ்ச்சியில் எனக்கும் பாதி கொடுக்க வேண்டும் என்று, "நான் இல்ல, அக்காதான் கொட்டை இருக்கட்டும் சொன்னாங்க. எல்லாம் அக்கா" என்று என் தோளைக் கட்டிக்கொண்டு சொன்னாள். பத்துப் பேர் இருந்தார்கள். பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள். தையல்காரப் பெண், "ஓ, நீங்கதானா" என்றாள். அவ்வளவுதான். ஒரே கொட்டை, அக்கா. அதை வைத்தவளுக்குப் பல் வலியைத் தீர்த்த மகராசி என்று பெயர். வைக்கட்டும் என்றவளுக்குப் பல்லை உடைத்தவள் என்று பெயர். நியாயமா?

போகும்போது மாமனார் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் ஏற்றிவிட்டு வந்தார். வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். வீடு பழையபடி ஆகிவிட்டது. "வெள்ளையம்மா, மோர் கேளு." "மோர் கேக்குறாரு." எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. முன்னால் அதே பேச்சு காதில் விழுந்தபோது அது மரியாதை என்று தெரியும். இப்போதும் அதே மரியாதைதான். என்ன, கொஞ்சம் நீளமாகத் தெரிந்தது.

பிறகு ஒரு நாள், "தேங்கா செஞ்சாளே, அதைச் செய்யத் தெரியுமான்னு கேளு" என்றார்.

"தெரியுமாங்கறாரு" என்றார் மாமியார்.

"தெரியும்னு சொல்லுங்கத்தே."

அப்போது பிளம்ஸ் முடிந்துவிட்டது. சிறுமலை வாழைப்பழம் வாங்கித் துண்டு போட்டு உள்ளே வைத்தேன். வாழைப்பழத்தில் துப்புவதற்கு ஒன்றும் கிடையாது. இனிமேல் என்னை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது பாருங்கள். மாவை அடிக்காமல் தொட்டுத் தொட்டுச் சேர்த்தேன். தண்ணீரில் போட்டால் முதலில் அடியில் போய்க் கிடக்கும், பிறகு ஒவ்வொன்றாக மிதந்து மேலே வரும். வந்தவுடனே எடுக்கக் கூடாது, இன்னும் கொஞ்ச நேரம் விட வேண்டும். அன்றைக்கு இவள் தொட்டிலில் வீல் என்று கத்தினாள், நான் மிதந்ததை எல்லாம் அள்ளித் தட்டில் போட்டுவிட்டு ஓடினேன்.

திரும்பி வந்தால் மாமனார் ஒரு கடி கடித்துவிட்டு உருண்டையைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மாமியார் பக்கத்திலேயே விசிறியோடு உட்கார்ந்திருக்கிறார். சொல்ல வேண்டியதை அவரிடம் சொல்லியிருக்கலாம். இடுப்பில் இவள் இருந்தாள், இவளிடமும் சொல்லியிருக்கலாம். மாமனார் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார்.

"ஏத்தா, மாவு வேகலை" என்றார்.

மாமியார் வழக்கம் போலத் திரும்பி, "மாவு..." என்று ஆரம்பித்தவர் வாயை மூடிக்கொண்டார். விசிறி நின்றுவிட்டது.

"இன்னொரு கொதி விட்டுத் தர்றேன், மாமா" என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவது மாதிரி இருந்தது.

"ம்" என்றார். தட்டை என் கையில் கொடுத்தார்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்ததும் மாமியார் என்னவோ சொல்லியிருக்கிறார். என்னிடம் வந்து ரொம்பப் பரிதாபமாக, "அப்பா திட்டிட்டாராமே, மனசுல வெச்சுக்காத" என்றார்.

"திட்டலை. மாவு வேகலைன்னு சொன்னார்."

"அதான், குத்தம் சொல்லிட்டாரு."

"ஆமா. என்னைப் பாத்துச் சொன்னார்" என்றேன்.

"அதுக்கு ஏன் சிரிக்கிற?" என்று கேட்டார். நான் எங்கே சிரித்தேன்? ஆம்பளைகளுக்கு எதைச் சொன்னாலும் இப்படித்தான்.

இந்தா, பெட்டியைத் திறந்துவிட்டார்கள். செவ்வந்தி பெயரைத்தான் கூப்பிடுகிறார்கள். வா தங்கம், எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும். இதோ வருகிறேன், சிஸ்டர்!

மீதியைக் கேளுங்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் மறுபடியும் செய்தேன். பார்த்துப் பார்த்து, நன்றாக வேகவைத்து, பஞ்சு மாதிரி எடுத்தேன். மாமனார் இரண்டு தின்றார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, "வெள்ளையம்மா, நல்லாருக்குன்னு சொல்லு" என்றார்.

"நல்லாருக்காம்" என்றார் மாமியார்.

இப்போது வாரா வாரம் செய்கிறேன். உங்களுக்கும் வேண்டும் என்றால் ஒரு நாள் வீட்டுக்கு வாருங்கள், சொல்லித் தருகிறேன். ஒன்றும் கஷ்டம் இல்லை. மிதந்து மேலே வந்த பிறகும் கொஞ்ச நேரம் தண்ணீரிலேயே விட வேண்டும், அதை மட்டும் மறந்துவிடாதீர்கள். நான் மட்டும் மிதந்ததுமே எடுத்துவிடுவேன்.